கதவு திறந்த நாளில் யோகமலர் கொடுத்தது

சொன்ன சொல்லை மறவாமை ஓர் அறம். கடலோர ஊரான வாகரையில் அந்த அறத்துக்கு யோகமலர் என்று பெயர்.

கடல் பொங்கி ஊரை அழித்த மறு ஆண்டு, மீனவர் சங்கத்துக்கு ஒரு கணினி நன்கொடையாக வந்தது. அதில் மென்பொருள் ஏற்றித் தந்தவர் நகரத்துக் கடைக்காரர் நல்லரத்தினம். மீன்பிடி வள்ளம் இழந்தோரின் நிவாரண விண்ணப்பங்களை, மீன் வெட்டிப் பிழைத்த யோகமலர் அதில் எழுதி முடித்த வேளையில், உரிமக்காலம் தீர்ந்து மென்பொருள் பூட்டிக்கொண்டது. திறந்து தரும்படி கடைக்கு ஓடினாள்.

"மீன் வெட்டுற கைக்குக் கம்பியூட்டர் எதுக்குப் புள்ள?" என்று சிரித்தார் அவர்.

அவர் திறந்து தராததால் விண்ணப்பங்கள் போய்ச் சேரவில்லை; நிவாரணமாக வந்த வள்ளங்கள் வேறு ஊர்களுக்குப் போயின.

"உங்கட கடையில நீங்க ஈயோட்டுற நாள் வரும், முதலாளி" என்று அன்றே அவர் கடை வாசலில் போய்ச் சொல்லித் திரும்பினாள்.

பின்னர் போர் ஊரைக் கலைத்தது. அகதி முகாமில் ஏறாவூர்த் தோழி ஒருத்தியிடம், எவரும் இலவசமாக எடுத்துத் திருத்திப் பிறர்க்கும் வழங்கத்தக்க கட்டற்ற மென்பொருளைக் கற்றாள். போர் ஓய்ந்த அடுத்த வைகாசியில், ஆண்டுக்கொருமுறை அம்மன் கோயிற் கதவு திறக்கும் சடங்குக்கு வந்த சங்கத்தாருக்கும் ஆசிரியர்களுக்கும் பிரசாதத்தோடு அது பதிந்த இறுவட்டையும் கொடுத்தாள். ஆண்டுதோறும் கொடுத்தாள். நல்லரத்தினத்தின் கடை வெறிச்சோடியது.

ஒரு வைகாசியில் அவரே வந்து நின்றார். "எனக்கும் ஒண்டு தா புள்ள. இதைப் படிச்சாத்தான் இனி எனக்குப் பிழைப்பு."

"இந்தாங்க முதலாளி, இதுக்குப் பூட்டில்ல. மீன் வெட்டுற கைதான் தருது, வாங்குங்க!"

ஊர் பார்த்திருக்க, தலை குனிந்து வாங்கினார்.

சடங்கின் முடிவில் குளிர்த்தி பாடி அம்மனின் சினத்தைத் தணித்தார்கள். யோகமலரின் சினம் தணியவில்லை. அக்கனல் அணையாத அவள் மனையில் வலை நிறைக, வள்ளம் பெருகுக, மக்கள் நீடு வாழ்க!