தொட்டியில் ஊற்றிய வாளி

எண்பதுகளின் தொடக்கம்வரை, கோவில்பட்டியில் ஒரு மில் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி என் பொறுப்பில் இருந்தது. தினமும் காலையில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் மேலே கொண்டுபோய் ஊற்றுவேன். ஒன்பது வருஷம். அளவெல்லாம் கைக்கணக்குதான்.

பிறகு பவுடருக்குப் பதிலாகக் குளோரின் கேஸ் மெஷின் வந்தது. அதை ஓட்டப் பழக ஒரு ஆளை மெட்ராசுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். நான் புதுச் சட்டைகூடத் தைத்துவிட்டேன். போனதோ, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒருவன். மெஷின் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறதாம், அவன் பியூசி படித்தவனாம். திரும்பி வந்தவனை எல்லாரும் ஆபரேட்டர் என்றார்கள். என் மனைவியும் அப்படித்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

மிச்சப் பவுடர் மூட்டைகள் மெஷின் கொட்டகையிலேயே கிடந்தன. அவன் வருவதற்கு முன்னால், வழக்கம்போல ஒரு வாளி கரைத்துத் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தேன். கடைசி வீட்டுத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பான். இளமஞ்சளாக வரவேண்டியது, குளோரின் கூடிப்போய் ஆரஞ்சாக வரும். காப்பியில் மருந்து வாடை என்று குடியிருப்பே அவனைத் திட்டியது. இன்ஜினியர் கேட்ட கேள்விக்கு அவன் முழித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸைக் குறைத்தான். நான் வாளியைக் குறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் விளாத்திகுளம் பக்கம் மாமனார் புஞ்சையில் மிளகாய்ப் பழம் எடுப்பு வந்தது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் மனைவியும் போனோம். இரண்டாம் நாள் பழம் எடுக்கையில், பக்கத்து ஊரில் வாந்திபேதி என்று யாரோ பேசினார்கள். அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளாக நான் அங்கே வாளி ஊற்றவில்லை. அவனோ கேஸைக் குறைத்து வைத்திருக்கிறான். பிள்ளைகள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மனைவியிடம் வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லிவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்படியே கொட்டகைக்கு ஓடினேன். அவன் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தான். சரியான இளமஞ்சள். நான் போன அன்றைக்கே நிறம் வரவில்லையாம், உடனே கேஸைக் கூட்டிவிட்டானாம். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

“அண்ணாச்சி, இனிமே லீவு போடுததா இருந்தா முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் கேஸைக் கூட்டி வச்சிக்கிடுதேன்.”

இன்ஜினியரிடம் அவன் மூச்சு விடவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றைக்கே மாட்டிவிட்டிருப்பேன். மெட்ராஸ் போனதைக்கூட மறந்துவிட்டேன், இதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.