கொசுறு

போன வருடம் சரஸ்வதி பூஜை அன்று காலையில் புத்தகங்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, என் மருமகளின் கீபோர்டையும் துடைத்தேன். அதன் மேல் எப்போதும் ஒரு வெள்ளைக்காரர் படத்தைச் சாய்த்து வைத்திருப்பாள். மெலிந்த முகம், நீள மூக்கு. நூற்றைம்பது வருடங்களுக்கும் முன்னால் பியானோவுக்கென்றே பாட்டுக் கட்டியவர், இருமல் நோயில் சின்ன வயதிலேயே போய்விட்டவர் என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவு வித்தை தெரிந்தவரை விட்டுவிட்டுப் பூஜை செய்ய எனக்கு மனசு வரவில்லை. படத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு முழம் பிச்சிப்பூவும் சுற்றி வைத்தேன்.

குளித்துவிட்டு வந்தவள் தலை துவட்டுவதை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்தாள். தப்பு செய்துவிட்டேனோ என்று இருந்தது.

“அவரு வேதக்காரரு அத்தை. சர்ச்சுக்குப் போறவரு.”

“இருக்கட்டும். நம்ம வீட்டுக்கு வந்தவரு தானே.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க பூ வச்சிட்டீங்க. இத்தனை வருசமா வாசிக்கேன், நான்தான் ஒண்ணும் வைக்கலை” என்றாள்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் கீபோர்டை எடுத்தவள், அவருக்குக் காணிக்கையாக, அவர் பாணியில் சொந்தமாக ஒரு பாட்டு எழுத ஆரம்பித்தாள். மார்கழியில் முடித்தாள். மொத்தம் நாலு தாள்.

அந்த நாலு தாளையும் எங்கள் வீட்டில் ஒரு தடவைகூட முழுசாக வாசிக்க முடிந்ததில்லை. நான் உள்ளி உரித்துக்கொண்டே கேட்பேன். இரண்டாம் தாளில் குக்கர் விசில் அடிக்கும். மூன்றாம் தாளில் பேத்தி விழித்து அழுவாள். மிச்சத்தை அவள் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பாள், அது அவளுக்கு மட்டும்தான் கேட்கும். கேட்டுக் கேட்டு மூன்று தாள் எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் தாளைத் திருப்புவாள் என்பதுகூடத் தெரியும். நாலாவதில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

மாசி மாதம் ஊரில் ஒரு ஹாலில் அவளை வாசிக்கக் கூப்பிட்டார்கள். நிஜப் பியானோ. அச்சடித்த சீட்டில் அந்த வெள்ளைக்காரர் பாட்டுகள் இருந்தன. இவள் பாட்டு இல்லை.

“உன் பாட்டு எங்க?”

“அது என்கோர் அத்தை. எல்லாம் முடிஞ்ச பிறகு, ஜனங்க இன்னும் வேணும்னு கேட்டா வாசிக்கது. கேக்கலைன்னா இல்லை.”

என் வீட்டுக்காரர் மில்லர்புரத்தில் முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை நடத்துகிறவர். “கொசுறுன்னு சொல்லு” என்றார்.

“கொசுறுதான் மாமா.”

“அப்போ கேட்டாத்தான் கிடைக்கும். கேக்காதவனுக்கு எவன் போடுதான்?”

“நீங்க யாரும் கேக்கக்கூடாது. வீட்டாளு கேட்டா அது கேட்டதுல சேராது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தப் பாட்டை ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் முழுசாக வாசித்துவிட வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஒருவேளை கேட்டால் தாள் திருப்ப நான் வர வேண்டும் என்றாள்.

“அந்தப் புள்ளியும் கோடும் எனக்கு ஒண்ணும் தெரியாதேளா.”

“பாட்டு தெரியும்லா. உங்களைத் தவிர வேற யாரு கேட்டிருக்கா?”

பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை விடலையாகச் சிதற உடைத்துவிட்டுக் கிளம்பினோம்.

கடைசிப் பாட்டு முடிந்து அவள் எழுந்து கும்பிட்டபோது நன்றாகத்தான் கை தட்டினார்கள். ஆனால் எங்கள் பக்கம் மங்களம் பாடியாகிவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். பாதிப் பேர் தட்டிக்கொண்டே எழுந்து, காலால் செருப்பைத் தேடினார்கள். அவள் உள்ளே போய், ஒரு தடவை திரும்பி வந்து கும்பிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் கேட்டுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். முருகா, முருகா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பின்னால் திரும்பினார். பின் வரிசையில் எங்கள் கடையின் பழைய வாடிக்கைக்காரர், ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, நம்ம கடையில கொசுறு வாங்காம ஒரு நாளாவது போயிருக்கீரா? இங்கன மட்டும் என்ன வெட்கம்?”

“இங்கனயும் உண்டுமா?” என்றவர், மேடையைப் பார்த்துச் சத்தமாக, “யம்மா, கொசுறு போட்டுட்டுப் போ” என்றார்.

ஹாலே சிரித்தது. சிரித்தவர்கள் உட்கார்ந்தார்கள். கைதட்டல் மறுபடி ஏறியது. அவள் மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மேடை ஏறி அவளுக்கு இடது பக்கம் நின்றேன். முதல் தாளையும் இரண்டாம் தாளையும் சரியாகத் திருப்பிவிட்டேன். மூன்றாவதில் கை வைத்தால் இரண்டு தாள் சேர்ந்து வருகிறது. கடல் காற்றில் ஈரம் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கில் விரலைத் தொட்டால் பிரிந்துவிடும். கடையில் இவர் நோட்டைப் புரட்டுவது அப்படித்தான். ஆனால் இது விஜயதசமியில் தொடங்கிய தாள். இதில் எச்சில் படுத்த என்னால் முடியாது.

அவள் கடைசி வரிக்கு வந்துவிட்டாள். என் இடுப்பில் காலையில் கோயிலில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. விரலை அதற்குள் விட்டு எடுத்தேன். அதற்குள் வரி முடிந்துவிட்டது. அவள் கடைசிச் சுரத்திலேயே விரலை அழுத்தி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். அந்தச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. கேட்டவர்களுக்கு அதுவும் பாட்டென்றுதான் தோன்றியிருக்கும். திருநீறு பட்டுக் காய்ந்த விரலில் மேல்தாள் மட்டும் பிரிந்து வந்தது.

நாலாம் தாளில் முதலில் வந்த மெட்டே திரும்பி வந்தது. இப்போது மெதுவாக, பேத்தியைத் தட்டித் தூங்க வைக்கிற வேகத்தில். நடுவே உச்சியில் ஒரே சுரம் மூன்று தடவை வந்து போனது. பிறகு மறுபடி அந்த மெட்டு, இன்னும் மெதுவாக. முடிந்தபோது நான் கை தட்டவில்லை. தீபாராதனைக்கு நிற்பதுபோலக் கும்பிட்டு நின்றுவிட்டேன். அவள்தான் என் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். “கடைசித் தாள்ல உச்சியில மூணு தடவை வந்துதே, அது என்னளா?”

“குக்கர் அத்தை. நம்ம வீட்டுக்கு வந்தவருல்லா, அதையும் கேட்டுட்டுப் போகட்டும்னுதான்.”

முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த இவர் திரும்பாமலே சொன்னார்: “பருப்புக்கு நாலு விசில் வைக்கணும்.”