மெழுகுத் துண்டும் நாலு அலசலும்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அக்காவுக்கு நாலலசல் என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தக் குடுவையானாலும் சோப்பு போன பிறகு நான்கு முறை அலசுவாள். மூன்று போதாதா என்று யாராவது கேட்டால், "மூணு உங்க வீட்டு டம்ளருக்கு" என்பாள்.

அலசி முடித்ததும் பரீட்சை வேறு உண்டு. கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, முகத்துக்குப் போடும் பவுடரை ஒரு சிட்டிகை தூவி, மெல்ல ஊதுவாள். பவுடர் கோழிக்குஞ்சு மாதிரி சிதறி ஓடினால் பாத்திரம் சுத்தம். தோல் போர்த்தியது போல அசையாமல் நின்றால் எங்கோ எண்ணெய்ப் பசை இருக்கிறது; மறுபடியும் வெந்நீர், மறுபடியும் நாலு. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பவுடர் டப்பாவை ஒருநாள் தொட்டியில் தவறவிட்டுக் கண்டுபிடித்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் கழுவிய ஒரு பாத்திரம்கூட அழுக்கென்று திரும்பி வந்ததில்லை. நகை நட்டு இல்லாதவளுக்கு அதுதான் கழுத்துச் சங்கிலி.

மூன்றாம் மாடியில் ஒரு இளம் ஆராய்ச்சியாளன். எல்லாரும் அவனைப் படிகம் என்பார்கள். சுண்ணாம்பு கரைந்த தண்ணீரில் கல் வளர்ப்பது அவன் வேலை. கல் வளர்ந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மணியடித்ததும் வெளியே ஓடும் பிள்ளைகள் மாதிரி ஒன்று அப்படி, ஒன்று இப்படி. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னை 'வாங்க போங்க'ன்னு சொல்லாதீங்கக்கா. நான் உங்க கூடப்பொறந்தவன் மாதிரி" என்று வந்த புதிதிலேயே சொல்லிவிட்டான். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அன்றிலிருந்து அவன் 'நீ' ஆனான். அவன் பாத்திரங்களுக்குச் சில நாள் ஐந்தாவது அலசலும் கிடைத்தது.

ஒருநாள் காலை தொட்டியருகே வந்து கத்தினான். "அக்கா, இந்தப் புனலுக்கு அடியில இருக்கிற கண்ணாடித் திருகு திரும்பவே மாட்டேங்குது. உங்க சுத்தத்துல கண்ணாடியும் கண்ணாடியும் கடிச்சுக்குது!"

"கத்தாதே, குடு இப்படி."

கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த பழைய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று அவள் இழுப்பறையில் கிடந்தது. திருகில் இரண்டு இழுப்பு இழுத்தாள். வெண்ணெயில் திரும்புவது போலத் திரும்பியது. பட்டியலில் இல்லாத எதையும் பாத்திரத்தில் தொடவிடக் கூடாது என்பது அங்கே சட்டம். தம்பிக்காகத்தானே என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அவன் படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி வந்தான். அந்தப் புனலிலிருந்து தண்ணீர் சொட்டிய கிண்ணத்தில் மட்டும் கற்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன.

"இதை என்னக்கா செஞ்சீங்க? சொல்லுங்க. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

பயந்துகொண்டே சொன்னாள். அவன் சிரித்துவிட்டான். ஒரு தீப்பெட்டியை உடைத்து, குச்சிகளின் மருந்துத் தலை கீழே இருக்கும்படி நெருக்கி நிறுத்திப் பிடித்தான்.

"மெழுகுல இருக்கிற ஒரு சரக்கு இப்படித்தான்கா. தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. தண்ணி மேல பரவினா, யாரும் சொல்லாமலே எல்லாம் தலைகீழா வரிசையில நிக்கும். கீழ இருக்கிற சுண்ணாம்பு வந்து அந்தத் தலைங்களைப் பார்த்து, அதே வரிசையில உட்காரும். மேல யார் நிக்கிறாங்களோ, அதுபடிதான் கீழ கல் வளரும்."

"கல்லுக்கு இருக்கிற மரியாதை உனக்கில்லையே. வாசல்ல கால் துடைச்சியா?" என்றாள். மனசுக்குள் ஒரே பூரிப்பு.

ஒரு மாதம் கழித்துப் பெரிய கூடத்தில் வெளியாட்களை உட்கார வைத்து அவன் பேசினான். அவள் பின்வரிசையில் தண்ணீர் டம்ளர் வைத்துக்கொண்டிருந்தாள். திரையில் அவளுடைய கிண்ணம்.

"ஒருநாள் எனக்குத் திடீர்னு தோணுச்சு, சாதாரண மெழுகை வச்சுப் பார்த்தா என்னன்னு."

தோணட்டும், தம்பிதானே என்று நினைத்துக்கொண்டாள். அப்போது துறைத்தலைவர் கேட்டார்: "அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஏன் ஒண்ணும் வரலை?"

"பாத்திரம் சரியா கழுவலை சார். அழுக்கு இருந்துச்சு. போன வாரமே எழுத்துல புகார் குடுத்துட்டேன்."

அவள் கையிலிருந்த டம்ளர் விழவில்லை. விழுந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளை அடித்தளத்துக்கு மாற்றினார்கள். அங்கே டீக் கோப்பைகளும் துடைப்பான் வாளிகளும்தான். வீட்டுக்காரர் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து என் சட்டைக்கு ஒரு அலசல்தான். அந்தக் கண்ணாடிக்கு நாலு! அதுலயும் அழுக்காம், கேட்டியா நியாயத்தை?" அவள் சிரிக்கவில்லை. அவர் அன்று தன் தட்டைத் தானே கழுவி வைத்தார், நாலு முறை.

பத்தாவது நாள் படிகம் கிண்ணமும் புனலுமாக அடித்தளத்துக்கு வந்து நின்றான்.

"அக்கா, அந்த மெழுகு எங்க? கடையில வாங்கினதெல்லாம் வேற மாதிரி, வளையுது. அதே சரக்கு சுத்தமா பாட்டில்ல வருது, அதுவும் ஒத்து வரலை. திங்கக்கிழமை வெளியூர்க்காரங்க முன்னாடி செஞ்சு காட்டணும்."

துண்டு அவள் இடுப்புப் பையில்தான் இருந்தது. சுண்டுவிரல் நீளம். எடுத்துக் காட்டினாள். அவன் கை நீண்டது.

"முதல்ல ஒரு கடுதாசி எழுது. பாத்திரம் சுத்தமாத்தான் இருந்துச்சுன்னு."

"அது எப்படிக்கா? அப்ப ரெண்டு வருஷம் நான் என்ன பண்ணேன்னு கேப்பாங்களே."

"எழுதினாத்தான் தருவேன்."

"புரிஞ்சுக்கோங்கக்கா. எனக்கு இது பேரு. உங்களுக்குக் கழுவுற வேலைதானே, எந்த மாடியில கழுவினா என்ன?"

அவள் சலவை சோடா போட்டுக் கொதித்துக்கொண்டிருந்த வாளியில் துண்டை நழுவவிட்டாள். அவன் "ஐயோ" என்று குனிவதற்குள் அது உருகி, சோடாவோடு சேர்ந்து நுரைத்தது. இனி அது வெறும் சோப்பு.

அந்த நுரையிலேயே அவன் கிண்ணத்தைத் தேய்த்தாள். அலசினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தண்ணீர் நிரப்பிப் பவுடர் தூவி ஊதினாள். பவுடர் விழுந்தடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது.

"நல்லாப் பாருங்க சார். அழுக்கு இருக்கா?"

அந்த 'சார்' அவனுக்குக் கேட்டது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு படியேறினான், இந்த முறை ஒவ்வொன்றாக. அவ்வளவு சுத்தமான தண்ணீரில் கல் வரிசையாக உட்காராது. அது அவளுக்கும் தெரியும். தீக்குச்சியை நிறுத்திக் காட்டி அவன்தானே சொல்லியிருந்தான்.