சமையலறைப் படியில் புதுநன்மை விருந்து

முதல்முதலாக நற்கருணை வாங்கிய என் புதுநன்மை நாளை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் அதற்கென்று ஒரு பக்கமே ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளைக் கவுனும் முக்காடும் போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு, வானத்துச் சம்மனசு மாதிரி நிற்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சைகோனில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருடம். அப்பாவுக்குத் துறைமுக அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. புதுச்சேரியிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் குடும்பத்தில் எல்லாமே மாறிப்போயிருந்தது. பெயர் பிரெஞ்சு, உடுப்பு பிரெஞ்சு, பெரியவர்கள் சண்டை போடுவதுகூடப் பாதி பிரெஞ்சில்தான். சாதி மட்டும் ஒரு கீறல் விழாமல் எங்களோடு கரையிறங்கியிருந்தது. எனக்கு அது தெரியாது. வீட்டில் யாரும் அந்தச் சொல்லை உச்சரித்ததே இல்லை.

ஞானோபதேச வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் ரொசாலி. காரைக்கால்காரர்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கம், கான் ஹொய் துறைமுகத்தில் அவள் அப்பா கிடங்குக் காவல்காரர். அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே என் அப்பாதான். பாலத்தில் சிப்பாய்கள் சோதனை போட்டு விடுவதற்குள் நேரமாகிவிடும் என்று அவள் விடிந்ததுமே கிளம்பி வருவாள். செபங்களை என்னைவிட நன்றாகச் சொல்வாள். எனக்கு மறந்தால் உதட்டை அசைத்து எடுத்துக்கொடுப்பாள்.

பாடம் சொன்ன கன்னியாஸ்திரீயை 'மா சேர்' என்று கூப்பிடுவோம். புதுநன்மைக்கு முதல் நாள் அவர் சொன்னார்: "நாளைக்கு ஆண்டவர் உங்க நாக்குல வந்து உட்காருவார். வாங்கிக்கிட்டு சும்மா வீட்டுக்குப் போயிடக் கூடாது. அவரை நம்பி, பயப்படாம, ஒரு அடியாவது எடுத்து வைக்கணும்."

மற்றப் பிள்ளைகள் மிட்டாயை விடுவதாகத் தீர்மானித்தார்கள். நான் ரொசாலியை எங்கள் வீட்டு விருந்துக்குக் கூப்பிட்டேன். அவள் தயங்கினாள். ஆண்டவருக்காக வா என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் யாரும் கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை சிரித்த முகமாகவே அவளை வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் அழைத்துப்போய், சமையலறைப் படியில் உட்காரவைத்து இலை போட்டாள். கூடத்து மேசையில் விருந்தாளிகளுக்கெல்லாம் பீங்கான் தட்டு. எங்கள் வீட்டில் சமைத்தவள் ஒரு வியட்நாமியப் பெண். காலையில் புத்தருக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்து எங்கள் குழம்புச் சட்டி, சோற்றுப் பானை எல்லாவற்றிலும் கைவைப்பாள். அதில் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால், அன்று காலை என் பக்கத்தில் முழந்தாளிட்டு, நான் வாங்கிய அதே நன்மையை அதே சாமியார் கையால் வாங்கியவள், அந்தப் படியைத் தாண்டக் கூடாது! எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது இது?

நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். ரொசாலிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் கோழிக்கறியை அவள் இலையில் கொட்டி, அந்த இலையிலேயே கைவைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.

"வேணாம், நீ உள்ள போ," என்றாள் அவள். "எங்க அப்பாவைத் திட்டுவாங்க."

"ஆண்டவர் இருக்காரு. பயந்தாங்கொள்ளி மாதிரி பேசாத."

அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அத்தை வந்து பார்த்து, "ஐயையோ, எழுந்திருடி! கவுன் அழுக்காவுது பாரு!" என்று என்னைத் தூக்கினாள். கவுனாம்! அப்போதும் உள்ளதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்பா கதவருகே நின்று பார்த்துவிட்டு, விருந்தாளிகளிடம் திரும்பிப் போனார். அன்று மாலை செபமாலையை அவர்தான் முன்னால் நின்று சொன்னார்.

மறுநாள் மா சேரிடம் நடந்ததைச் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு, ஒரு மாதா படம் பரிசாகக் கொடுத்து, இதுதான் விசுவாசம் என்று வகுப்புக்கே என்னைக் காட்டினார். ரொசாலி அன்றைக்கு வந்திருக்கவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை. அதன்பிறகு அவள் வரவேயில்லை. ஆளாளுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அவர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று அம்மா சொன்னாள், நம்பினேன். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாளே என்று அவள்மேல் மாதக்கணக்கில் கோபமாக வேறு இருந்தேன்.

அப்பா மறுநாளே துறைமுகத்தில் ஒரு வார்த்தை சொல்லி ரொசாலி அப்பாவின் வேலையைப் பிடுங்கிவிட்டார் என்பது, எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வயதில், அத்தை வேறு யாரிடமோ சொல்லிச் சிரித்தபோதுதான் தெரிந்தது. என் வீரத்துக்கு என்மேல் ஒரு சுடுசொல் விழவில்லை. ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் விழுந்தது. அப்பாவை நான் மன்னிக்கவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை எத்தனையோ தடவை சொல்லியும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

புதுநன்மை முடிந்த அந்த வாரப் புதன்கிழமை ரொசாலியின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கதவைத் திறந்தது நான்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெளியிலேயே நின்றார்.

"ஐயா இருக்காங்களா, பாப்பா?"

"நான் உங்க ரொசாலியோட ஒரே இலையில சாப்பிட்டேன், தெரியுமா?" என்றேன் பெருமையாக.

"தெரியும் பாப்பா. அதுக்காகத்தான் ஐயாவைப் பாக்க வந்தேன்," என்றார்.

நன்றி சொல்ல வந்திருக்கிறார், அதை அப்பா தன் காதாலேயே கேட்கட்டும் என்று, துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.