இரையாத பெட்டி

எங்கள் பட்டறைப் பேட்டையான காத்வேயில் தகரத்தோடு மல்லுக்கட்டாத ஆள் கிடையாது. நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிரங்குப் பெட்டி அடிக்கிறேன். பக்கத்துக் கடைக்காரன் கரி அடுப்பு அடிக்கிறான். இந்தச் சத்தத்துக்கு நடுவே ஓர் அறை பிடித்து, ஜன்னலில் பழைய மெத்தையைச் செருகி, சினிமாவுக்குக் குரல் கொடுக்கிறவள் நபுகாலு. வெளிநாட்டுப் படத்தின் மேல் எங்கள் லுகாண்டா மொழியில் கதை சொல்லிப் பதிவு செய்வாள். நாயகன், வில்லன், போலீஸ் நாய் எல்லாம் அவளேதான். சுத்தியல்கள் ஓய்கிற ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வேலைநாள்.

வீடியோ கொட்டகை முதலாளி ஸெகித்தோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "குரல்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா கூடவே என்னமோ ஙொய்ங்னு இரையுது. அடுத்த படத்துலயும் இரைஞ்சா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்."

இரைந்தது அவளுடைய கம்ப்யூட்டர் பெட்டி. தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணிகள் தளர்ந்துபோய், விசிறி சுற்றும்போதெல்லாம் தகடு அதிர்ந்தது. எல்லாவற்றையும் துளைத்துக் கழற்றிவிட்டுப் புதிதாக அடித்தாள். அப்புறம் பக்கவாட்டு மூடியைத் தள்ளினால் மூடவில்லை. ரிவெட் தலைகள் பருப்பு மாதிரி புடைத்துக்கொண்டு வழியை மறித்தன. பெட்டியை என் கடைக்குத் தூக்கி வந்தாள்.

"என்ன, கம்ப்யூட்டருக்குப் பிரேதப் பரிசோதனையா?"

"சிரிக்காதீங்கண்ணே. மூடி உக்கார மாட்டேங்குது."

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று சுத்தியலால் ஒரு தலையில் போட்டேன். தலை படிந்தது, ரிவெட் ஆடத் தொடங்கியது.

"ரொம்ப நன்றி, ஐயா," என்றாள். அண்ணன் போய் ஐயா வந்ததிலேயே கோபம் எவ்வளவு என்று தெரிந்தது.

கோபம் தணிந்ததும் விளக்கினாள்: "தலை தகட்டுக்குள்ளயே அமுங்கிடணும்ணே. மேல துளிகூடத் தெரியக் கூடாது."

கூம்புத்தலை ரிவெட் என்னிடம் இருந்தது. துளையின் வாயைக் குடைந்தால் தலை உள்ளே இறங்கிவிடும் என்றேன். கனத்த இரும்புக்கு அது சரி. நல்ல காலம், துண்டுத் தகரத்தில் முதலில் செய்யச் சொன்னாள். தகடு மெல்லிசு, துளைதான் பெரிதாயிற்று. ரிவெட் தலையோடு மறுபக்கம் விழுந்தது.

அவள் அதை எடுத்து விரலில் உருட்டினாள். "தகட்ட ஏன் குடையணும்? குழிச்சா என்ன?"

எனக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. ஒரு போல்ட்டின் முனையைக் கூம்பாக அரைத்தேன். தகட்டுக்கு அடியில் குழாய்த் துண்டை வைத்து, துளையின் மேல் போல்ட்டை நிறுத்தி ஒரே போடு. துளையைச் சுற்றி அழகாக ஒரு குட்டிக் கிண்ணம்! அடித்தகட்டையும் அதேபோல் குழித்து, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தி ரிவெட் அடித்தோம். நபுகாலு கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டினாள். எங்கும் தட்டவில்லை. அன்று டிரங்குப் பெட்டி கேட்டு வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வா என்று விரட்டினேன். எனக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்!

மூடி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. விசிறி சுற்றுவது, காதை ஒட்டி வைத்தால்தான் கேட்டது.

ஆனாலும் ஒன்று எனக்குப் புரியவில்லை. விசிலும் கூச்சலுமாக இருக்கிற கொட்டகையில் இந்தச் சின்ன இரைச்சலுக்காக இவ்வளவு பாடா? கேட்டேன். "வந்து பாருங்கண்ணே," என்றாள்.

புதுப் படம் சனிக்கிழமை மத்தியானம். கொட்டகை நிரம்பியிருந்தது. ஸெகித்தோ பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நபுகாலு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் உறுமியது, கெஞ்சியது, கூட்டம் ஆரவாரித்தது. திரையில் மகன் வெளியூரிலிருந்து வீடு திரும்புகிறான். அம்மாவின் கட்டில் காலியாகக் கிடக்கிறது. இப்போது என்ன சொல்லப்போகிறாளோ என்று காத்திருந்தோம். ஒன்றுமே சொல்லவில்லை. படத்தின் சொந்தச் சத்தத்தையும் அடக்கிவிட்டிருந்தாள்.

அவள் படங்களில் அதுவரை ஓய்ந்த இடமே கிடையாது. ஓய்ந்தால் அந்த இரைச்சல் வந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பயந்துதான் மூச்சுவிடாமல் பேசியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலை கொறித்தவனின் கை வாய்க்குப் போகவில்லை. பக்கத்தில் அடுப்புக்காரன் அழுதான். நானும்தான்.

ஸெகித்தோ மெல்ல அவள் அருகே போய்க் குனிந்தார். "அடுத்த படத்த எப்பம்மா வந்து எடுத்துக்கிற?"

"உஷ்," என்றாள் நபுகாலு. "இன்னும் முடியல."