மட்கார்டில் ஓர் இடம்

பாகம் பிரித்தபோது டிராக்டர் என் கணவரின் அண்ணனுக்குப் போனது. அதன் பின்னால் மாட்டும் டிரெய்லர் எங்களுக்கு வந்தது. ஈடுகட்டக் கொஞ்சம் நிலம் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று இவர் எத்தனை முறை சொன்னாலும் என் மண்டையில் ஏறவில்லை. டிராக்டர் இல்லாத டிரெய்லர் எங்கள் கொல்லையில் கிடந்தது. கோழிதான் அதில் ஏறி முட்டையிட்டது.

என் கண்ணை உறுத்தியது என் ஓரகத்தி உட்கார்ந்து போகும் இடம். டிராக்டரின் பெரிய சக்கரத்துக்கு மேலே, ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் வளைந்திருக்கும் மட்கார்டு. பெரம்பலூர் கடைத்தெருவுக்குக் கிளம்பினாலும் சரி, களத்துக்குக் கிளம்பினாலும் சரி, அதில் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவையே மேலிருந்து பார்த்தபடி போவாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். வயிறு எரியும். அவள் ஒருநாளும் என்னைக் குறைவாகப் பேசியதில்லை. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

இவரை நச்சரித்து நச்சரித்து, கடைசியில் ஒரு சின்ன டிராக்டரைப் பழையதாக வாங்க வைத்தேன். திருச்சியில் அதை விற்றவர் இவருக்கு ஏதோ பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறார். ஏற்றுகிற மூட்டை மட்டும் பாரமில்லை, டிரெய்லரும் பாரம்தான். உங்கள் டிரெய்லரோ பெரிய டிராக்டருக்கென்று அடித்தது. வண்டி எவ்வளவு இழுக்கும் என்று பார்க்காதீர்கள், எவ்வளவை நிறுத்தும் என்று பாருங்கள் என்றாராம். சோற்றில் கை வைத்தால் இதே பேச்சு. எதிர்வீட்டில் மூத்தார், அதான் இவர் அண்ணன், தனக்கென்று ஒரு டிரெய்லர் வாங்கியிருந்தார். அவர் வண்டி கோபுரம் மாதிரி கரும்பு ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் வண்டியில் பாதிதான் இருக்கும். எனக்கு வெளியே தலை காட்டவே கூச்சமாக இருந்தது.

ஆடியில் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய் மாவிளக்கு போடுவது பங்காளிகள் வழக்கம். அந்த வருஷம் இரண்டு டிராக்டரிலும் போவதாக ஏற்பாடு. நான் புதுச்சேலை கட்டி, என் பிறந்த வீட்டாரையும் வரவழைத்திருந்தேன். இவர் அரிசியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், விறகைப் பார்த்தார், பிறகு என் அக்கா குடும்பத்தை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டார். அவர்கள் முகம் சுண்டிப்போனது. மூத்தார் உடனே தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஏற்கெனவே நிறைந்திருந்த டிரெய்லரில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். என் சொந்தக்காரர்கள் அவள் வண்டியில் போகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இருந்தாலும் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன். தெரு முழுக்கப் பார்த்தது. அந்தச் சந்தோஷம் ஏரிக்கரை வரைக்கும்தான். மண்ரோடு அங்கே கரையில் ஏறி அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கும். கரையடியில் இவர் வண்டியை நிறுத்தி, எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னார். நான் அசையவில்லை.

"நீயும் எறங்கு. சறுக்குல டிரெய்லர் பின்னாலேருந்து தள்ளும். அதுக்குத் தனியா பிரேக் கெடையாது. தள்ளுனா மொதல்ல வுழறது மட்கார்டுல இருக்கறவதான்."

புதுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புழுதியில் நடந்தேன். மூத்தார் வண்டி யாரையும் இறக்காமல் எங்களைத் தாண்டி ஏறியது. ஓரகத்தி மேலிருந்து திரும்பிப் பார்த்தாள். சிரிக்கிறாள் என்றே நினைத்தேன். அவள் உட்கார்ந்திருந்த இடம் அப்படியே பிய்த்துக்கொண்டு போகக் கூடாதா என்று மனசுக்குள் வைதேன்.

நாங்கள் கரைமேல் ஏறி நின்றபோது அந்த வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மூத்தார் பிரேக்கை மிதித்தார். டிராக்டர் நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. பாரமெல்லாம் சேர்ந்து பின்னாலிருந்து தள்ள, டிராக்டர் குறுக்கே திரும்பியது. டிரெய்லரின் மூலை வந்து மட்கார்டில் இடித்தது. அவள் தெறித்துப் போய் வயலில் விழுந்தாள். டிரெய்லரில் இருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். அவளுக்குத்தான் கை முறிந்தது. மாவிளக்கு இன்னொரு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையோடு அவள் கட்டிலில் இருக்க, ஊர்ப் பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். சொன்னால் சிரிப்பீர்கள், அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவர்கள் கலைந்து போன பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"உன்னைய எறங்கச் சொன்னாருல்ல உங்க வூட்டுக்காரரு," என்றாள். "அத்தன பேரு பாக்குறாங்கன்னு கூட நெனைக்காம சொன்னாரு. நானும் எறங்கிக்கிறேன்னுதான் எங்க வூட்டுக்காரருகிட்ட கேட்டேன் தங்கச்சி. தம்பி பொண்டாட்டி முன்னாடி நீ நடந்து வந்தா என் மானம் போயிடும், பேசாம ஒக்காருன்னுட்டாரு."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அத்தனை வருஷமும் என் வாசலில் நின்று அவளை நான் பார்த்த பார்வை அது.