மொட்டைமாடியில் ஒரு தாழ்ப்பாள்

பேருந்துப் பணிமனையின் புகார் கவுண்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து எழுந்த அந்த மனிதருக்கு வீட்டிலும் வெளியிலும் ஒரே பெயர்தான்: பரவாயில்லை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் அழுக்குப் படாமல் இருந்தது. குடையைத் தொலைத்தவன் வந்து குதித்தால், "பரவாயில்லைங்க, தேடிப் பாப்போம்" என்பார். வண்டி நிற்காமல் போனதற்கு இவரை அடிக்கக் கை ஓங்கியவரிடம், "பரவாயில்லை, முதல்ல உக்காருங்க" என்று தன் நாற்காலியையே தள்ளிவிட்டு, மீதிப் பொழுதை நின்றுகொண்டே கழித்திருக்கிறார்.

அந்தக் கவுண்டருக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. தொட்டியில் இருக்கும் மீனுக்காவது ஒளிந்துகொள்ள ஒரு கூழாங்கல் இருக்கும்; இவருக்கு அதுவும் இல்லை. உள்ளே ஓர் ஆணியில் 'கவுண்டர் மூடப்பட்டுள்ளது' என்று எழுதிய மரப்பலகை தொங்கியது. தினமும் அரை மணி நேரம் அதை வெளிப்பக்கம் மாட்டிக்கொள்ள விதியில் இடமுண்டு. ஆனால் அவர் கை பலகையை நோக்கிப் போகும்போதெல்லாம் யாராவது கண்ணாடியைத் தட்டிவிடுவார்கள். சாப்பாடெல்லாம் இரண்டு புகாருக்கு நடுவில்தான். ஓய்வு பெற்ற நாளில் சக ஊழியர்கள் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, அந்தப் பலகையையும் தர முடியுமா என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் கவுண்டர் அங்கேயும் காத்திருந்தது. மகனுக்குக் கல்யாணமானதும் ஒரு படுக்கையறை அவனுக்குப் போயிற்று. இன்னொன்றில் மனைவியும், குடும்பத்தின் துணியெல்லாம் அடைத்த இரண்டு பீரோக்களும். இவருடைய கட்டில் 'தற்காலிகமாக' ஹாலுக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சமையலறைக்குப் போகிறவர்கள், குளித்துவிட்டு வருகிறவர்கள், வாசல் மணி அடித்தவர்கள் எல்லோருக்கும் அவர் கால்மாடுதான் பொதுவழி. போகிற போக்கில் ஆளுக்கொரு கேள்வி. சாவி எங்கே, ரிமோட் எங்கே, இன்றைக்கு என்ன கிழமை.

அதனால் மாடி எடுத்து எல்லோரும் மேலே போய்விட்டு, கீழ்வீட்டை வாடகைக்கு விடுவது என்று முடிவாகி, "பிளான் நீங்களே போடுங்கப்பா, சும்மாதானே இருக்கீங்க" என்று மகன் சொன்னபோது, அவர் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். எலி வளையானாலும் தனி வளை. கட்டம் போட்ட தாள் வாங்கிவந்து இருபது நாள் வரைந்தார். ஒரு ஹால், சமையலறை, மகனுக்கும் மருமகளுக்கும் பெரிய அறை, மகன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் அதற்கு ஓர் அறை, விருந்தாளிக்கு ஓர் அறை, பழைய சாமான் போட ஓரிடம். எல்லாம் போக வடக்கு மூலையில் தனக்குப் பத்துக்கு எட்டு அடி. ஒரு ஜன்னல், ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாளைத் தனியாக, பெரிதாக வரைந்திருந்தார்.

இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டு, "சார், பிளான்ல தாழ்ப்பாளெல்லாம் வரைய மாட்டாங்க" என்றார்.

"பரவாயில்லை, இருக்கட்டும்" என்றார் இவர்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மருமகளுக்கு ஒரு யோசனை வந்தது. அது நல்ல யோசனை என்பதுதான் தொந்தரவு.

"பேப்பர்ல பாத்தா ஒண்ணும் புரியல மாமா. மொட்டைமாடியிலேயே முழு அளவுல சாக்பீஸால கோடு போட்டு, நாலு நாள் நடந்து பாத்துடுவோம்."

போட்டார்கள். மறுநாளிலிருந்து குடும்பமே டீ டம்ளரோடு மாடிக்குப் போய் இல்லாத வீட்டில் குடியிருந்தது. கோட்டில் இடைவெளி விட்ட இடம் வாசல். அதன் வழியாகத்தான் நுழைய வேண்டும். மனைவி ஒருநாள் கோட்டைத் தாண்டிக் குறுக்கே நடந்துவிட்டார்.

"அம்மா, அது சுவரு" என்றான் மகன்.

"அப்ப என் தலையில இடிச்சிருக்கணுமே. இடிக்கலையே."

"நாளைக்கு இடிக்கும்."

"நாளைக்கு நான் சுத்திப் போறேன். இன்னிக்கு முட்டி வலிக்குது."

பரவாயில்லை தன் பத்துக்கு எட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இல்லாத ஜன்னல் வழியாக நிஜ வானத்தைப் பார்த்தார். எழுந்துபோய்க் காற்றில் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த நாலு நாளைப் போலச் சுகமான நாட்கள் அவர் ஆயுளில் அதிகம் இல்லை.

அறைகள் ஒரே வரிசையில் இருந்தன, இவருடையது கடைசி. பேருந்தில் மூன்று பேர் இருக்கை மாதிரிதான் அதுவும். உள்ளே யார் கொஞ்சம் அகட்டி உட்கார்ந்தாலும் ஓரத்தில் இருப்பவன்தான் பாதி அந்தரத்தில் தொங்க வேண்டும்.

முதலில் மகன் அகட்டினான். வீடியோவில் பேசும்போது முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரிய வேண்டுமாம். அவனிடம் மூன்று புத்தகங்கள் இருந்தன.

"ஒரே ஒரு அடிப்பா."

"பரவாயில்லை, எடுத்துக்கோ." பத்து, ஒன்பதாயிற்று.

அடுத்து மைத்துனர் வந்தார். மனைவியின் தம்பி; வருடத்துக்குப் பத்து நாள் வந்து தங்குகிறவர். செல்போனில் வீடு கட்டும் வீடியோக்களைப் பார்த்தே அரை இன்ஜினியர் ஆனவர். மீதி அரை தேவையில்லை என்று விட்டுவிட்டவர். விருந்தாளி அறைக் கோட்டுக்குள் துண்டை விரித்துப் படுத்து, இந்தப் பக்கம் ஒரு புரளல், அந்தப் பக்கம் ஒரு புரளல் புரண்டார். இரண்டாவது புரளலில் கை வெளியே வந்துவிட்டது.

"பாத்தீங்களா அத்தான், கை சுவத்துல போய் முட்டுது. தூக்கத்துல ஒடிஞ்சா யார் பதில் சொல்றது?"

கைக்கு ஒன்றரை அடி போயிற்று. பிறகு அவரே இன்னொரு தத்துவமும் சொன்னார். "கதவு திறந்து மூடவே ரெண்டரை அடி வீணாகுது. இப்பல்லாம் யாரு கதவு வைக்கிறா? ஸ்க்ரீன் போட்டாப் போதும், எல்லா ரூமும் பெருசாயிடும்." குடும்பம் வியந்துபோய் அவரவர் கதவை அங்கேயே அழித்தது. கதவை அழித்த இடத்தில் மருமகள் கண்ணாடி மேஜையும், மகன் இன்னும் ஓர் அலமாரியும் வரைந்தார்கள்.

"எனக்குக் கதவு இருக்கட்டும்" என்றார் பரவாயில்லை.

"உங்களுக்கு எதுக்குங்க கதவு? உள்ள என்ன பண்ணப் போறீங்க?" என்றார் மனைவி. ஒன்றும் பண்ணாமலிருக்கத்தான் கதவு என்பதை எப்படிச் சொல்வது? அந்தக் குழப்பத்தில், பெட்டிகள் வைக்க வேண்டுமென்று மனைவி கேட்ட ஒன்றரை அடியையும் கொடுத்துவிட்டார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது ஊருக்குச் சொன்னது. வீட்டில் யாரும் பிடுங்குவதில்லை, கேட்டுத்தான் வாங்குவார்கள்.

ஆறடி இருந்தது. ஆறடி போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பிளானில் முத்திரை வாங்க நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். அன்று மத்தியானம் அடித்த மழையில் மாடிவீடு மொத்தமும் சாக்கடையில் கரைந்தது. வெயில் வந்ததும் வீட்டிலிருந்தவர்கள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய் நினைவிலிருந்து மறுபடி வரைந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் அறை அவரவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, கொஞ்சம் தாராளமாகவே. கடைசி அறையை ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆள் அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை கொத்தனார் வந்து மாடியில் நாடா பிடித்தார். வடக்கு மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"அய்யா, இது என்ன? அகலம் மூணரை அடி. அதுல ரெண்டரை அடிக்கு வாசல் விட்டிருக்கு. வாசல் இருக்கு, ரூமைத்தான் காணோம்."

பரவாயில்லை முத்திரை குத்திய பிளானை நீட்டினார். அதில் பத்துக்கு எட்டு கம்பீரமாக இருந்தது.

"அது ஆபீசுக்குங்க. எனக்குக் கோடுதான். கோட்டை மாத்தணும்னா எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அவரவர் கோட்டுக்குள் அவரவர் நின்றார்கள். யாரும் நகரவில்லை.

மைத்துனர்தான் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு சொல்றேன் அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கதவை எடுத்துட்டா அருமையான அலமாரி ஆயிடும். உங்களுக்கு ஹால்தான் சரி. காத்து வருது, டிவி இருக்கு, மனுஷங்க முகம் தெரியுது."

ஐந்து முகங்கள் அவரையே பார்த்தன. எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தன. கொத்தனார்கூடக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார். வார்த்தை வழக்கம்போல் தொண்டைவரைக்கும் வந்தது. கண்ணாடியைத் தட்டும் சத்தம் காதில் கேட்டது. முப்பத்தொரு வருடச் சத்தம், அதற்கு மேல் ஆறு வருடம்.

அவர் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்தார். இரண்டரை அடி வாசல் வழியாக, கோட்டை மிதிக்காமல் நுழைந்து, மூன்றரை அடிக்குள் போட்டு உட்கார்ந்தார்.

"கட்டுங்க" என்றார்.

"நீங்க எந்திரிங்க அய்யா, அப்பத்தானே கட்ட முடியும்."

"என்னைச் சுத்திக் கட்டுங்க. கதவு வேணும். உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்."

"ஏங்க, என்ன இது சின்னப்பிள்ளை மாதிரி" என்றார் மனைவி.

பதில் வரவில்லை. இவர் பதில் சொல்லாமல் இருந்து அந்த வீடு பார்த்ததில்லை. அதனால் யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கொத்தனார் கலவையைக் குழைத்து முதல் கல்லை வைத்தார். மூன்று வரிசை எழும்பும்வரை நாற்காலியில் இருந்தவர் எழுந்திருக்கவில்லை. டீயைக்கூடச் சுவருக்கு மேலேதான் வாங்கிக் குடித்தார்.

மாடி எழும்பி எல்லோரும் குடியேறிய ஒரு மாதத்தில் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. குளியலறையை விட்டால் மாடியிலேயே கதவு உள்ள அறை அந்த மூன்றரை அடி ஒன்றுதான். மகன் மேலதிகாரியிடம் பேசினால் பின்னால் மருமகளின் மிக்சி சத்தம். மருமகள் தன் அம்மாவிடம் மாமியாரைப் பற்றிப் பேசினால் ஸ்க்ரீனுக்கு இந்தப் பக்கம் மாமியார். மைத்துனர் தன் பத்து நாளுக்கு வந்தார். கை எங்கும் முட்டவில்லை. ஆனால் அவருடைய குறட்டை மூன்று ஸ்க்ரீனைத் தாண்டி மகனுடைய மீட்டிங்கில் போய்க் கலந்துகொண்டது.

ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டினார்கள். "அப்பா, அரை மணி நேரம் உங்க ரூம் வேணும்." "மாமா, ஒரு போன் பேசிக்கிறேன்." "அத்தான், அந்தப் பையனை மெதுவாப் பேசச் சொல்லுங்க." கட்டில் நுழையாத அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் பழக்கப்பட்ட குரல்கள்தான். குடை தொலைந்த குரல், வண்டி நிற்காத குரல்.

ஒருநாள் அவர் எழுந்து, ஜன்னல் ஓரத்திலிருந்த மரப்பலகையைத் துடைத்தார். கதவைத் திறந்து வெளிப்பக்கம் மாட்டினார். திரும்ப உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டார். அது 'டக்' என்று விழுந்தது.

மைத்துனர் வெளியே நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது. "கவுண்டர் மூடப்பட்டுள்ளது. ஏன்க்கா, எப்பத் திறப்பாராம்?"

"அங்கதான் எழுதலையே" என்றது மனைவியின் குரல்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் நுழைந்தது. எழுத்து மூலமான புகார் என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். கை தானாகப் போயிற்று. மனைவியின் கையெழுத்து. 'எனக்கும் அரை மணி நேரம். போன் பேச இல்லை. சும்மா.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். இருபது நாள் வரைந்த பிளானில் யார் யாருக்கு எத்தனை அடி என்று இப்போதும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். மனைவிக்கு என்ன வரைந்தோம் என்று யோசித்தார். பழைய சாமான் போட ஓரிடம். அந்த இடத்தில் இப்போது பெட்டிகள் இருந்தன.

தாழ்ப்பாளை எடுத்தார். இரண்டு பேர் ஒன்றாக நிற்க உள்ளே இடமில்லை. இவர் பக்கவாட்டில் வெளியே வர, மனைவி பக்கவாட்டில் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் 'டக்' என்றது. பலகை ஆணியில் லேசாக ஆடியது.

மைத்துனர் தலையணையோடு வந்தார். "ஓ, காலியாயிடுச்சா அத்தான்? நான் கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்."

அவர் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு விரலால் பலகையைத் தொட்டுக் காட்டினார்.

"மூடியிருக்கு" என்றார்.